சிக்கனச் சமையலும் வீட்டுக்கு வீடு கைமாறும் குறிப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்கனமாகச் சமைப்பது எப்படி என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்க வருவது வேறு. பக்கத்து வீட்டில் ருசியாக இருந்த குழம்பு தங்கள் வீட்டில் ஏன் அப்படி வரவில்லை, அதே பொருள்களை வாங்கியும் ஏன் செலவு கூடியது என்பதுதான் அவர்கள் கவலை. அக்கம்பக்கத்திலும் உறவிலும் வேலை செய்யும் இடத்திலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. விலைப்பட்டியல் தரவில்லை, இன்று எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும். இங்கே டம்ளர் என்பது 200 மில்லி. அளவுகள் நான்கு பேருக்கு.

எது சிக்கனமான சமையல் குறிப்பு?

எதை விட்டாலும் பதார்த்தம் கெடாது, எதை விட்டால் கெட்டுவிடும் என்ற இரண்டையும் பிரித்துச் சொல்லும் குறிப்பு. "முந்திரி பத்து, கசகசா ஒரு கரண்டி, தேங்காய் அரை மூடி" என்று ஒருவர் குருமாவுக்கு எழுதிக்கொடுத்தால், வாங்கிப் போகிறவர் மூன்றையும் தேடிக் கடைக்குப் போவார். கெட்டித்தன்மைக்காகத்தான் இவை, தேங்காய் கொஞ்சம் இருந்தால் மற்ற இரண்டுக்கும் பதிலாக இரண்டு கரண்டி பொட்டுக்கடலை போதும் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பணம் மிச்சம்.

"இருபது ரூபாயில் பிரியாணி" போன்ற தலைப்புகளை நம்ப வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் எண்ணெய்க்கும் நெய்க்கும் ஏலக்காய்க்கும் அந்தக் கணக்கில் விலை போட்டிருக்கமாட்டார்கள். இன்னொரு வகைக் குறிப்பும் உண்டு: ஒரே ஒரு தேக்கரண்டிக்காக ஒரு புட்டி சாஸ் வாங்கவைப்பது. மீதிப் புட்டி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு வருடம் நிற்கும்.

மாதக் கடைசி. வீட்டில் காயே இல்லை. என்ன குழம்பு வைக்கலாம்?

வற்றல் குழம்பு. காய் இல்லாத குறையை மறைக்கப் பிறந்த குழம்பு என்று இதை நினைக்கவேண்டாம். காய் இருக்கும் நாளிலும் இதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள்.

எலுமிச்சம்பழ அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்து, மூன்று டம்ளர் வரும்படி கரைத்துக்கொள்ளுங்கள். வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு, இரண்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, சுண்டைக்காய் வற்றலோ மணத்தக்காளி வற்றலோ இரண்டு கரண்டி போட்டுப் பொரியவிடுங்கள். தீயை மிகவும் குறைத்து, இரண்டரைத் தேக்கரண்டி குழம்புப் பொடியை அந்த எண்ணெயிலேயே போட்டு ஒரு புரட்டு புரட்டி, பொடி கருகுவதற்குள் புளிக் கரைசலை ஊற்றிவிடவேண்டும். பிறகு பாதியாக வற்றும்வரை கொதிக்கட்டும். வற்றலிலேயே உப்பு இருப்பதால், குழம்பு வற்றிய பிறகு ருசி பார்த்து உப்புப் போடுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி அரிசி மாவைக் கரைத்து ஊற்றினால் சேர்ந்தாற்போல் வரும்.

வற்றலும் இல்லையா? இரண்டு அப்பளத்தை உடைத்து அதே எண்ணெயில் பொரித்துப் போட்டால் அப்பளக் குழம்பு. சின்ன வெங்காயம், பூண்டு இருந்தால் அவற்றை வதக்கிப் போடலாம். இதில் விடக்கூடாதவை இரண்டுதான்: நல்லெண்ணெயும் கொதிக்கும் நேரமும். மூன்று கரண்டி எண்ணெயா என்று தயங்கி ஒன்றாகக் குறைத்தால் அது புளித்தண்ணீர். இரண்டு வேளைக்கு வரும் குழம்புக்கு அந்த எண்ணெய் அதிகமில்லை.

தக்காளி விலை ஏறிவிட்டால் ரசத்துக்கு என்ன செய்வது?

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னையில் ரேஷன் கடைகள் வழியாக 60 ரூபாய்க்கு விற்றார்கள். அந்த வாரங்களில் "தக்காளி இல்லாமல் எப்படி ரசம்?" என்று கேட்காத வீடில்லை. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பழம். அது வருவதற்கு முன்பே புளியும் மிளகும் இங்கே இருந்தன.

நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒன்றரைத் தேக்கரண்டி சீரகம், நான்கு பல் பூண்டு. மிளகு சீரகத்தைப் பொடிக்கவேண்டாம், பூண்டோடு ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். புளிக்கரைசலில் மஞ்சள்தூள், உப்பு, பெருங்காயம் போட்டுப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, தட்டியதைச் சேர்த்து, நாக்கில் வைத்தால் புளிப்பு அளவாக இருக்கும்வரை தண்ணீரும் ஊற்றி, விளிம்பில் நுரை கட்டி மேலே ஏறும்போது இறக்கிவிடுங்கள். அதற்குமேல் கொதித்தால் மணம் போய்விடும். பருப்பு வேகவைத்த தண்ணீர் இருந்தால் ஊற்றலாம், இல்லாவிட்டாலும் ரசம் ரசம்தான். தாளிப்பை மட்டும் கடைசியில் செய்யுங்கள்.

புளியும் குறைவாக இருந்தால் எலுமிச்சை ரசம். சாற்றை அடுப்பை அணைத்து இறக்கிய பிறகுதான் பிழியவேண்டும். கொதிக்கும் ரசத்தில் பிழிந்தால் கசக்கும். மாங்காய்க் காலத்தில் ஒரு துண்டு மாங்காயை வேகவைத்து மசித்துப் புளிக்குப் பதிலாகப் போடுங்கள்.

ரேஷன் அரிசியில் இட்லி பஞ்சுபோல் வருமா?

வரும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம், அதனால் இந்தக் கேள்விக்கு இருக்கும் மதிப்பே தனி. புழுங்கல் அரிசி நான்கு டம்ளர், முழு உளுந்து ஒரு டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. வாடை அடிக்கிறது என்றால் முதல் முறை ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். அரிசி நான்கைந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்தும் வெந்தயமும் ஒன்றரை மணி நேரம் போதும்.

இட்லியின் மென்மையைத் தீர்மானிப்பது உளுந்தை அரைக்கும் விதம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, மாவு பொங்கிக் கிரைண்டரை நிறைக்கும்வரை அரைக்கவேண்டும். ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும். மூழ்கினால் இன்னும் அரையுங்கள். மிக்ஸியில் அரைப்பவர்கள் குளிர்ந்த தண்ணீர் விடவேண்டும். சூடேறிய உளுந்து பொங்காது. அரிசியை ரவைப் பதத்தில் எடுத்துவிடுங்கள். மென்மைக்காக ஒரு கைப்பிடி பழைய சோறோ அவலோ சேர்ப்பவர்கள் உண்டு, நல்ல பழக்கம். ஆப்பச் சோடா தேவையில்லை.

வெயில் காலத்தில் மாவு எட்டு மணி நேரத்துக்கு முன்பே புளித்துவிடும். மார்கழிக் குளிரில் உப்பைப் போட்டுக் கையாலேயே நன்றாகக் கரைத்து, அடுப்பு இருக்கும் மேடையில் மூடிவைக்கவும்.

ஊறவைக்கும்போது சில அரிசி மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசியா?

இல்லை. செறிவூட்டிய அரிசி மணிகள் அவை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்திலேயே பிழிந்தெடுத்து, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற விகிதத்தில் கலந்தவை. மாவால் செய்தது என்பதால் சில மிதக்கும், நிறம் லேசாக மாறியிருக்கும், சீக்கிரம் குழையும். பொறுக்கி எறிவது சத்தைப் பொறுக்கி எறிவது. உண்மையான பிளாஸ்டிக் என்றால் அடுப்பில் குழையாது, மாவாகவும் ஆகாது. ஒரு மணியைத் தனியாக வேகவைத்து நசுக்கிப் பார்த்தால் பயம் போய்விடும்.

பருப்பைக் குறைத்துச் சாம்பார் வைக்க வழி உண்டா?

ரேஷனில் துவரம்பருப்பு மாதம் ஒரு கிலோ 30 ரூபாய். அதை வாங்காமல் விடும் குடும்பங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த ஒரு கிலோ போதவில்லை என்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு வழிகள்.

பாதித் துவரம்பருப்பு, பாதிப் பாசிப்பருப்பு சேர்த்து வேகவையுங்கள். இரண்டில் எது அந்த மாதம் மலிவோ அதைக் கூட்டிக்கொள்ளலாம். பாசிப்பருப்பு விரைவில் கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும், எரிவாயுவும் மிச்சம். பரங்கிக்காய்த் துண்டு நாலைந்தைப் பருப்போடேயே வேகவைத்து மசித்தால் பருப்பின் அளவில் கால்பங்கு குறைந்திருப்பதை யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைப்பது பழைய பழக்கம், அதிலும் கொஞ்சம் கெட்டித்தன்மை கிடைக்கும். ஆனால் தண்ணீராகிவிட்ட சாம்பாரில் கடலை மாவைக் கரைத்து ஊற்றி ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது. அந்த வாடை சாம்பாரை மூடிவிடும்.

கடலை மாவுக்கென்றே ஒரு பதார்த்தம் இருக்கிறதே, அதைச் செய்யுங்கள்: பாம்பே சட்னி. பெரிய வெங்காயம் ஒன்று, பச்சைமிளகாய் மூன்று, கறிவேப்பிலை தாளித்து வதக்கி, மஞ்சள்தூள், உப்புப் போட்டு, மூன்று மேசைக்கரண்டி கடலை மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிடத்தில் பச்சை வாடை போய்ப் பளபளப்பு வரும். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கவும். பூரி, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றுக்கும் ஆகும்.

எந்தத் தோல், எந்தத் தண்டு சமையலுக்கு ஆகும்?

தூக்கிப் போடுவதைக் குறைத்தால் வாங்குவது தானாகக் குறையும். பீர்க்கங்காய் வாங்கினால் ஒரே விலையில் இரண்டு பதார்த்தம். காயைக் கழுவி, நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, தோலைத் தடிப்பாகச் சீவுங்கள். உள்காய் கூட்டுக்கு. தோலைப் பொடியாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பும் நான்கு மிளகாய் வற்றலும் சிவந்த பிறகு அதே வாணலியில் போட்டு வதக்கவேண்டும். தோல் சுருண்டு, பளிச்சென்ற பச்சை மங்கி, ஓரம் லேசாக மொறுமொறுப்பாகும்வரை வதக்கவேண்டும். அவசரப்பட்டால் துவையலில் புல் வாடை வரும். சிறிது புளி, உப்பு, இருந்தால் இரண்டு கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்துக் கெட்டியாக அரையுங்கள். தேங்காய் இல்லாவிட்டால் பாதகமில்லை, புளி இல்லாவிட்டால் சப்பென்று இருக்கும். சௌசௌ தோலுக்கும் இதே முறை.

வாழைக்காய்த் தோலைப் பொடியாக அரிந்து, மோர் கலந்த தண்ணீரில் போட்டுக் கறை நீக்கி, காராமணியோடு பொரியல் செய்யலாம். தர்பூசணியில் சிவப்புக்கும் பச்சைத் தோலுக்கும் நடுவில் இருக்கும் வெள்ளைச் சதை சுரைக்காய்க்கு ஈடு. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் கோடையில் ஒரு காய்ச் செலவு குறையும். முள்ளங்கியின் மேல் இருக்கும் இலையைக் கடைக்காரரே பிய்த்துப் போடுவார், வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், பருப்போடு கடையலாம். கொத்தமல்லித் தண்டை நசுக்கி ரசத்தில் போட்டால் இலையைவிட மணம். கீரைத்தண்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. புளிக்குழம்பில் தண்டு இல்லையே என்று சண்டை நடக்கும் வீடுகள் உண்டு.

எல்லாத் தோலும் ஆகாது. பச்சை நிறம் பாய்ந்த உருளைக்கிழங்குத் தோலிலும் அதன் முளையிலும் நச்சுப்பொருள் உண்டு, அவற்றை ஆழமாக வெட்டி எறியவேண்டும். கிழங்கு முழுவதும் பச்சையென்றால் முழுக்கிழங்கையும். மரவள்ளிக்கிழங்கைத் தடித்த தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் திறந்துவைத்து வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவேண்டும். அதைக் குழம்புக்கு வைத்துக்கொள்வது சிக்கனமல்ல, ஆபத்து.

தனியாகத் தங்கியிருக்கிறேன். ஒரு குக்கர்தான் இருக்கிறது. தினமும் என்ன செய்வது?

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் கேட்டுப் பாருங்கள், ஒரே பதில் வரும்: அரிசி பருப்பு சாதம். ஒன்றரை டம்ளர் அரிசியும் அரை டம்ளர் துவரம்பருப்பும் கழுவி அரை மணி நேரம் ஊறட்டும். குக்கரிலேயே எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், மூன்று மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறேழு பல் பூண்டு, தக்காளி ஒன்று என வரிசையாக வதக்கி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றி, கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூன்று நான்கு விசில் விடுங்கள். குழைவாக இருக்கவேண்டும். மேலே ஒரு சொட்டு நெய், பக்கத்தில் அப்பளமோ தயிரோ.

நான்கு பேருக்கான அளவு இது. ஒருவருக்கு அரிசி அரை டம்ளருக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்து, மற்றவற்றையும் அதே கணக்கில் குறைக்கவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அளவைக் கால்வாசியாக்கும்போது தண்ணீரைச் சரியாகக் கால்வாசியாக்கக் கூடாது, சிறிது கூடுதலாகவே விடவேண்டும், ஏனென்றால் குக்கரில் ஆவியாகப் போகும் தண்ணீர் அரிசி குறைந்ததற்காகக் குறையாது.

இதையே தினமும் தின்னமுடியாது என்பது தெரியும். அடுத்த நாள் முட்டை உடைத்து ஊற்றிய குழம்பு, அதற்கு அடுத்த நாள் தயிர்சாதம், ஊறுகாய்.

சிலிண்டர் இன்னும் சில நாள் நீடிக்க என்ன செய்யலாம்?

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. அதில் பெரும்பங்கைத் தின்பது பருப்பும் அரிசியும் வெந்நீரும். துவரம்பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்தால் விசில் எண்ணிக்கை குறையும். கொண்டைக்கடலை, பட்டாணிக்கு இரவே ஊறல் போடுங்கள்.

தண்ணீர் கொதித்துவிட்ட பிறகு தீயைக் கூட்டினால் சூடு கூடாது, ஆவிதான் கூடும். கொதி வந்ததும் குறைத்து மூடிவைப்பதே முறை. குக்கரிலும் முதல் விசிலுக்குப் பின் தீ சிறியதாகவே இருக்கட்டும். சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரத்தில் வேகட்டும். புளியைக் காய் வெந்த பிறகு ஊற்றுங்கள். புளிப்பு ஏறிவிட்டால் காய் வேகாமல் அடம்பிடிக்கும். தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரியானால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

மிஞ்சிய சோற்றை என்ன செய்வது? எத்தனை நேரம் வைக்கலாம்?

தண்ணீர் ஊற்றிவைத்தால் மறுநாள் காலைப் பழைய சோறு. இரவுச் சோறு ஆறியவுடன், மூழ்கும் அளவு குடிதண்ணீர் ஊற்றி மூடி, காலையில் உப்பும் மோரும் சேர்த்துச் சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே முடித்துவிடவேண்டும், கடும் வெயில் காலத்தில் அதை மதியத்துக்கு இழுக்காதீர்கள்.

தண்ணீர் ஊற்றாத சோற்றைத்தான் மக்கள் அலட்சியமாக விடுகிறார்கள். மதியம் வடித்த சோறு வெளியிலேயே இருந்து இரவில் தாளித்துச் சாப்பிடுவது நல்லதல்ல. அறைச் சூட்டில் நெடுநேரம் இருக்கும் சோற்றில் ஒருவகைக் கிருமி பெருகி, திரும்பச் சூடாக்கினாலும் அழியாத நச்சை உண்டாக்கும். சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சோறு என்றால் மறுநாள் எலுமிச்சை சாதம், புளி சாதம், தாளித்த தயிர்சாதம் எல்லாவற்றுக்கும் ஆகும். பிசுபிசுப்போ வாடையோ இருந்தால் கொட்டிவிடுங்கள். மருத்துவச் செலவைவிடச் சோறு மலிவு.

அசைவம் குறைந்த செலவில் முடியுமா?

மத்தி. தென்மாவட்டக் கடற்கரையில் சாளை என்பார்கள். வஞ்சிரத்துக்கு வரிசையில் நிற்பவர்கள் இதை ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று புரியவில்லை. குழம்பு ருசியில் வஞ்சிரம் இதற்குப் பக்கத்தில் வராது என்பது என் கட்சி. முள் அதிகம், அதற்குப் பொறுமை வேண்டும். புளிக்குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகு மீனைப் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் அணைத்துவிடவேண்டும், கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றவேண்டும்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்நாட்களில் மீன் விலை ஏறும். அப்போது கைகொடுப்பது நெத்திலிக் கருவாடு. ஐம்பது கிராம் போதும், கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு ஒரு சட்டிக் குழம்பு மணக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, தலையைக் கிள்ளி, மணல் போக அலசிக்கொள்ளுங்கள். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

எலுமிச்சம்பழ அளவு, ஆழாக்கு, ஒரு கை என்றெல்லாம் சொல்கிறார்கள். கிராமில் சொல்லக் கூடாதா?

சொல்லலாம். ஆனால் புளிக்குக் கிராம் சொல்லிப் பயனில்லை. புதுப்புளி, பழம்புளி, கொட்டை எடுத்தது, எடுக்காதது எல்லாம் வேறு வேறு புளிப்பு. கரைத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பதுதான் அளவு.

ஆழாக்கு என்பது பழைய படிக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 168 மில்லி. அரிசி குக்கரோடு வரும் கப் 180 மில்லி. நம் வீட்டு டம்ளர்களோ 150 முதல் 250 வரை எதுவாகவும் இருக்கும். அதனால் எந்த டம்ளர் என்பதைவிட, அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே டம்ளரைப் பயன்படுத்தினீர்களா என்பதுதான் முக்கியம். உப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. கல்லுப்பு ஒரு கரண்டியும் தூள் உப்பு ஒரு கரண்டியும் சமமல்ல; கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தூள் உப்பு அதே கரண்டியில் அதிகம் பிடிக்கும். கல்லுப்பு அளவை எழுதிக்கொடுத்தவர் அதைச் சொல்லாமல் விட்டால் அடுத்த வீட்டில் உப்புக் கரிக்கும்.

நான் ஒரு குறிப்பை எழுதிக்கொடுக்கவேண்டும். எதையெல்லாம் எழுதவேண்டும்?

எத்தனை பேருக்கு என்பதை முதல் வரியில் எழுதுங்கள். தண்ணீர் அளவை ஒருபோதும் "தேவையான அளவு" என்று விடாதீர்கள். உப்பை அப்படி விடலாம், தண்ணீரை விட்டால் அது குறிப்பே அல்ல. நிமிடக் கணக்கைவிட அடையாளம் சொல்வது நல்லது: "எண்ணெய் பிரியும்வரை", "நுரை ஏறும்போது", "விரலில் ஒட்டாதபோது". உங்கள் அடுப்பின் ஐந்து நிமிடம் இன்னொருவர் அடுப்பில் எட்டு நிமிடம்.

பொருள்களை இரண்டு வரிசையாகப் பிரியுங்கள். கட்டாயம் வேண்டியவை ஒன்று, இருந்தால் போடலாம் என்பவை இன்னொன்று. பலர் இதை எழுதத் தயங்குகிறார்கள், தங்கள் கைப்பக்குவம் குறைந்ததுபோல் தோன்றுமாம். குழம்புப் பொடி வீட்டில் அரைத்ததா, கடையில் வாங்கியதா என்றும் எழுதுங்கள், காரம் தலைகீழாக மாறும்.

நான் சொன்ன குறிப்பில் பாதியை மாற்றிவிட்டு "நன்றாக வரவில்லை" என்கிறார்களே?

நல்லெண்ணெய்க்குப் பாமாயில், புளிக்குத் தக்காளி, வெந்தயம் பிடிக்காது என்று அதையும் விட்டுவிட்டால், அவர்கள் செய்தது உங்கள் வற்றல் குழம்பு அல்ல. வருத்தப்படவேண்டாம். எதையெல்லாம் மாற்றினீர்கள் என்று மட்டும் கேளுங்கள், பதில் அங்கேயே கிடைத்துவிடும். சிலசமயம் அந்த மாற்றம் உங்களுடையதைவிட நன்றாக அமையும். அப்போது நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

மொத்தமாக வாங்கினால் மலிவுதானே?

பருப்பு, புளி, மிளகாய் வற்றலுக்கு ஆம், அதுவும் காயவைத்து எடுத்துவைக்க வெயிலும் டப்பாவும் இருந்தால். ரவை, கோதுமை மாவு, கடலை மாவுக்கு இல்லை, வண்டு வந்துவிடும். காய்கறிக்கு உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கி இன்று பல ஊர்களில் இருக்கிறது. அன்றன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். நல்ல காய் வேண்டுமென்றால் விடியற்காலை போகவேண்டும். மூடும் நேரத்தில் போனால் பேரம் படியும், ஆனால் வதங்கியது கிடைக்கும். அன்றே சமைப்பவர்களுக்கு அது போதும்.

பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

வடிகட்டி, ஓரிரு நாளுக்குள் தாளிக்கவும் வதக்கவும் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். மறுபடி மறுபடி பொரிக்காதீர்கள். கறுத்து, தடித்து, நுரைக்கும் எண்ணெய் கைவிடவேண்டிய எண்ணெய். கொஞ்சமாக ஊற்றிச் சிறிய வாணலியில் பொரித்தால் இந்தப் பிரச்சினையே பாதி குறையும்.

முருங்கைக்கீரை சும்மா கிடைக்கிறது, ஆய்வதற்குத்தான் நேரமில்லை.

கொத்தோடு செய்தித்தாளில் சுற்றி இரவு வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் பெரும்பாலான இலைகள் தானே உதிர்ந்திருக்கும்.

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குச் செலவில்லாத சிற்றுண்டி சொல்லுங்கள்.

அவலைக் கழுவிப் பிழிந்து, வெல்லமும் தேங்காயும் கலந்தால் ஐந்து நிமிட வேலை. காரம் கேட்கும் பிள்ளைகளுக்குக் கோதுமை மாவில் இரண்டு கரண்டி அரிசி மாவும், நறுக்கிய வெங்காயமும், சீரகமும், உப்பும் போட்டு நீர்க்கக் கரைத்து, கல்லில் ஓரத்திலிருந்து உள்ளே ஊற்றிக் கரைத்த தோசை சுடலாம். மாவு புளிக்கவேண்டிய அவசியம் இல்லை. தட்டைப்பயறோ பச்சைப்பயறோ காலையிலேயே ஊறப்போட்டு வைத்திருந்தால் மாலையில் சுண்டல். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், இரவு ரசத்துக்கு ஆகும்.